கை கால் வெடிப்பு: எல்லாம் ஒரே நோயா?

"ஐயா, கை பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. உளியைப் பிடிக்க முடியல. வீட்டுல என் தட்டைக்கூடத் தனியா வச்சிட்டாங்க."

தட்டைத் தனியே வைத்தது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி அல்ல, குஷ்டமும் அல்ல. தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும், புருஷன் பெண்டாட்டி ஒன்றாகப் படுத்தாலும் பரவாது.

நம் மேல்தோல் சுமார் 28 நாளில் புதுப்பித்துக்கொள்ளும். சொரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தப்பாக முடுக்கிவிடுவதால் அந்த வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. பழைய தோல் உதிர நேரமில்லாமல் தடித்து, வெள்ளைச் செதிளாகி, உள்ளங்கையிலும் குதிகாலிலும் பிளக்கிறது. முழங்கை, முழங்கால், தலையிலும் செதிள் இருந்தால், நகத்தில் ஊசி குத்தியது போல் குழி இருந்தால், சந்தேகம் வலுக்கும்.

ஆனால் வெடித்ததெல்லாம் சொரியாசிஸ் அல்ல. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், உரம், புல் மருந்து, வியர்வை தேங்கிய பூட்ஸ், சிலருக்கு ரப்பர் கையுறையே தோலை அரித்துவிடும். லீவில் ஆறி, வேலைக்குப் போனதும் திரும்புகிறதா? டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். என்னென்ன கையாளுகிறீர்கள் என்பதை அவர் எழுதிக்கொள்ளட்டும். வேலையால் வந்த தோல் நோய்க்கு, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவில் கோர வழியுண்டு. கிளினிக் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் காலை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், தோல் இன்னும் காய்ந்துவிடும். துணி துவைக்கிற சவர்க்காரமும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாஸ்லின் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும். ராத்திரி தடிப்பாகப் பூசிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். பிளேடால் சீவுவது சில லயங்களில் பெரிய வைத்தியம்! காயம் பட்ட இடத்திலேயே சொரியாசிஸ் புதிதாகக் கிளம்பும். சம்சுவும் சிகரெட்டும் அதற்குத் தீனி.

"ஒரே நாள்ல கேக்கும்" என்று விற்கும் பெயரில்லா மாத்திரை, களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். படர்தாமரைக்கு அதைத் தடவினால் இன்னும் படரும். சொரியாசிஸ்காரர் ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம் கிளம்பவும் கூடும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

காலையில் விரல் மூட்டு வீங்கி மடக்க முடியவில்லை என்றாலும், இனிப்புநீர் உள்ளவர் காலில் வெடிப்பு விழுந்தாலும், அடுத்த சம்பள நாள்வரை காத்திருக்காதீர்கள்.