ரோட்டா வைரஸ்: குட்டிச் சக்கரம், பெரிய சேதாரம்

வைரஸ்னு சொன்னா கொரோனா, டெங்குதானே உங்களுக்கு உடனே ஞாபகம் வரும்? ஆனா ஐந்து வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் ஒரு தடவையாவது தொட்டுட்டுப் போற வைரஸ் ஒன்று இருக்கு. அதுதான் ரோட்டா.

1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது இது சிக்கியது. பார்க்க வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். லத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம்.

உள்ளே என்ன இருக்கு?

மூன்று அடுக்குப் புரத உறை. அதற்குள் 11 துண்டுகளாக இரட்டை இழை ஆர்.என்.ஏ. வெளியே வி.பி.4 என்ற முள். புரதத்தைச் செரிக்க நம்ம குடலில் வேலை செய்யும் ட்ரிப்சின் நொதிதான் இந்த முள்ளை வெட்டி, செல்லுக்குள் நுழையத் தயாராக்குது. வீட்டுச் சாவியை நாமே எடுத்துக் கொடுத்த கதை!

தண்ணீர் ஏன் வெளியேறுது?

குடலுறிஞ்சிகளின் நுனியில் உள்ள செல்களை வைரஸ் அழிக்கும். உறிஞ்சுவது குறையும். இன்னொரு பக்கம், என்.எஸ்.பி.4 என்ற அதன் நச்சுப் புரதம் குளோரைடைக் குடலுக்குள் தள்ளிவிடும். பின்னாடியே தண்ணீரும் போகும். குழந்தையின் உயிருக்கு ஆபத்து இந்த நீரிழப்பால்தான்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், இங்கே வேலை செய்யாது. ஆனா ஓ.ஆர்.எஸ். செய்யும். ஏன்? சேதம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். மிச்சமிருக்கும் செல்களில், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்ந்து உள்ளே போகும். அதைத் தொடர்ந்து தண்ணீரும் போகும். அதனால்தான் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருக்கணும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எதிரியே தடுப்பூசி

இரண்டு வகை ரோட்டா ஒரே செல்லுக்குள் போனால், அந்த 11 துண்டுகளும் சீட்டுக்கட்டு மாதிரி கலையும். டெல்லியில் நோய் அறிகுறியே இல்லாத பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்த 116இ வகை அப்படிக் கலந்ததுதான்: 10 துண்டுகள் மனித ரோட்டாவுடையது, ஒன்று மாட்டு ரோட்டாவுடையது. அதிலிருந்து வந்ததுதான் 'ரோட்டாவாக்' சொட்டு மருந்து. அதன் பரிசோதனை நடந்த ஊர்களில் நம்ம வேலூரும் ஒன்று. 2016-ல் ரோட்டா தடுப்பு மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14-வது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறாங்க.

உங்க வீட்டில் அக்கா குழந்தைக்கோ அண்ணன் குழந்தைக்கோ வயிற்றுப்போக்கு வந்தா, முதல்ல ஓ.ஆர்.எஸ். கொடுங்க, தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.