முனையை விட்டுக்கொடுத்த கத்தி

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. கோத்தகிரிக் குளிரும் மழையும் உனக்கு இந்நேரம் பழகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நாற்றங்காலில் சேர்ந்த மூன்று மாதத்தில் இரண்டு கத்திகள் முனை ஒடிந்துவிட்டன என்றும், நுனி உளி போலச் சதுரமாக இருக்கும் மடங்காத கத்தி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வாங்கலாம். ஆனால் அதில் உனக்குக் கிடைப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன என்று தெரிந்துகொண்டு வாங்கு. 38 வருடம் தோணி கட்டும் தளத்தில் உளியோடு வாழ்ந்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. சிறு வயதில் அதைத் தடவிப் பார்த்து எப்படி வந்தது என்று கேட்பாய். ஆணி கிழித்தது என்று சொல்லி வைத்தேன். அது உண்மையில்லை. எனக்கு 22 வயது. பெயின்ட் டப்பாவின் மூடி இறுகியிருந்தது. உளியை எடுத்துவரச் சோம்பல்பட்டு, இடுப்பில் இருந்த கூர்முனைக் கத்தியை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். முனை ஒடிந்தது, மிச்சக் கத்தி, டப்பாவைப் பிடித்திருந்த கையில் இறங்கியது. விரல்கள் சரியாக மடங்க நான்கு மாதம் ஆயிற்று. கத்தியின் மேல் குற்றம் இல்லை. குத்துவதற்காக மெலிய அடித்த முனையை நான் நெம்பச் சொன்னேன். உன் இரண்டு கத்திகளும் அப்படித்தான் போயிருக்கும்.

எனவே கடைக்குப் போகுமுன் உன் ஒரு நாள் வேலையைத் தாளில் எழுதிப் பார். நாற்றுப் பையைக் கிழிப்பது, சணல் கயிறு அறுப்பது, தொட்டியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவது, டப்பா மூடி திறப்பது, சீகைக் கன்றின் வேரைக் கெல்லி அறுப்பது, மத்தியானம் வெள்ளரிக்காய் நறுக்குவது. இவற்றில் ஊசி முனை இல்லாமல் முடியாத வேலை ஒன்றுகூட இல்லை. சுரண்டவும் தள்ளி வெட்டவும் லேசாக நெம்பவும் அகலமான நுனிதான் வேண்டும். அதனால்தான் உனக்கு உளிமுனை பொருந்தும் என்கிறேன். கடலுக்குள் மூழ்குபவர்களின் கத்திகளில் பலவற்றுக்குச் சதுர நுனி வைப்பதும் இதே கணக்கில்தான். நெம்ப வசதி, காற்றுக் குழாயையோ உடையையோ தவறிக் குத்திவிடாது.

விட்டுக்கொடுப்பது என்ன? தோலில் துளை போட முடியாது. அட்டைப் பெட்டியின் நடுவில் குத்தி வெட்டைத் தொடங்குவது சிரமம். மீனின் வயிற்றைக் கீறுவது, பலாச்சுளையின் கொட்டையை நோண்டுவது போன்ற நுணுக்கத்துக்கு அது கைகொடுக்காது. ஆனால் நுனியும் பக்கவாயும் சந்திக்கும் மூலை இருக்கிறதே, இரண்டு வாயும் கூராக இருந்தால் அந்த மூலை பையைக் கிழிக்கவும் டேப்பை அறுக்கவும் போதும்.

இனி, பெயரில் உள்ள குழப்பம். உளிமுனை என்று மூன்று வகையைக் காட்டுவார்கள். நுனி நேராக வெட்டப்பட்டு, அந்த நுனிக்கும் கூர் வைத்திருப்பது முதல் வகை. உனக்கு வேண்டியது அதுதான். நுனி சதுரமாக இருந்தும் கூர் இல்லாமல் மொட்டையாக இருப்பது இரண்டாவது. அது நெம்பும், சுரண்டாது. நுனி சாய்வாக வெட்டப்பட்டு ஓரத்தில் குத்தும் முனையோடு இருப்பது மூன்றாவது. ஜப்பானியப் பெயர் சொல்லி 'டான்டோ' என்பார்கள். அது கூர்முனைக் கத்திதான், உளி அல்ல. இன்னொன்றும் உண்டு: பக்கவாயை ஒரு முகத்தில் மட்டும் சாணை பிடித்து, மறுமுகத்தைத் தட்டையாக விட்டிருப்பார்கள். அதையும் உளி என்றே சொல்வார்கள். காய் நறுக்கும்போது அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பக்கவாய் இரு முகமும் சரிவாகவும், நுனி மட்டும் உளி போல ஒரு முகச் சரிவாகவும் இருப்பது நல்லது. ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்கிறார்கள். அங்கே கைத்தொழில் செய்பவர்களுக்கென்றே ஓர் உளிக்கத்தி உண்டு. வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்றில்லை. அதன் அமைப்பைப் பார்த்து வைத்துக்கொள்.

நீளத்தில் மயங்காதே. அலகு 8 முதல் 10 சென்டிமீட்டர் போதும். தடிமனில்தான் கவனம் வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமனை 4 ஆக்கினால், வளையாமல் நிற்கும் திறன் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே கால் மடங்குக்கும் மேல் கூடும். தடிமனின் மும்மடிக் கணக்கு அது. அதற்காக 6 மில்லிமீட்டர் பட்டையை வாங்கினால் வெள்ளரிக்காயை நறுக்காது, பிளக்கும். உனக்கு 3 முதல் 4 சரி.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் துரு தின்ற கருவிகளை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் சொல்கிறேன்: உன் மலை ஈரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்கு. நூற்றுக்குப் பத்தரைக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி. 12சி27 என்ற ஸ்வீடன் எஃகில் 13.5 விழுக்காடு குரோமியமும் 0.6 விழுக்காடு கார்பனும் இருக்கின்றன. உன் வேலைக்கு அளவான கலவை. கார்பன் எஃகு சுலபமாகக் கூராகும், ஆனால் ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் செம்புள்ளி. ராக்வெல் அளவில் 60க்கு மேல் கடினம் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். கடினம் கூடக் கூடப் பொதுவாக நொறுங்கும் குணமும் கூடும். நெம்பப் போகும் நுனிக்கு 56 முதல் 58 போதும். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், உடைந்தால் என்ன செய்வாய்?

கடைக் கத்தி எதுவும் மனதுக்குப் பிடிக்காவிட்டால், நல்ல கொல்லர் ஒருவரிடம் போ. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. அளவை அட்டையில் வெட்டிக் கொடு. ஆனால் அது துருப்பிடிக்கும் இரும்பு. தினமும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உனக்கு இருந்தால் மட்டும் போ.

மடங்காத கத்தி என்று நீ முடிவெடுத்தது சரி. மடக்குக் கத்தியில் நெம்பினால் அந்த விசை முழுவதும் மூட்டில் இறங்கும். மண்ணும் அங்கேதான் போய் அடையும். அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை போகிறதா என்று கேள். முக்கியமாக, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் விரலைத் தடுக்கும் மேடு இருக்க வேண்டும். உளிமுனையை நீ முன்னோக்கித் தள்ளுவாய். ஈரக்கை வழுக்கினால் நேரே வாயின் மேல்தான் போகும். கடையில் கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை.

உறையையும் பார்த்து வாங்கு. உளிமுனையின் இரு மூலைகளும் மெல்லிய தோல் உறையின் அடித்தையலை அறுத்துவிடும். ஈரம் குடித்த தோல் துருவையும் வளர்க்கும். அடியில் நீர் வடியத் துளையுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் உறை உனக்கு ஏற்றது.

கூர் பார்ப்பதில் இரண்டு வாய்க்கும் இரண்டு பதம். பக்கவாயை முகத்துக்கு 20 பாகை சாய்த்துத் தீட்டு. நுனியை உளியைப் போல 30 பாகையில் சரிவு முகத்தை மட்டும் தீட்டி, தட்டை முகத்தைக் கல்லில் படிய வைத்து ஒரு இழுப்பு, பிசிறு போய்விடும். தட்டை முகத்தைச் சாய்த்துவிடாதே. மண்ணைக் கெல்லும் வேலையைக் கூடியவரை களைக்கொத்துக்கே விடு. மண்ணில் உள்ள மணல், எந்த எஃகின் கூரையும் தின்றுவிடும்.

எதைச் செய்யக் கூடாது என்பதும் முக்கியம். அது கடப்பாரை இல்லை, சுத்தியலால் அடிக்கும் உளியும் இல்லை. கையின் பலத்துக்கு அசையாததை உடம்பின் பாரத்தைப் போட்டு அசைக்காதே. நெம்பும்போது மறுகை கத்தி போகும் வழியில் இருக்கவே கூடாது.

நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. உன்னுடையது நாலங்குலம். என்றாலும் பேருந்தில் இடுப்பில் தொங்கவிட்டு வராதே. உறையோடு பைக்குள் வை. பக்கத்தில் உட்காருபவர் பயப்படக் கூடாது.

பொங்கலுக்கு வரும்போது அந்தக் கத்தியைக் கொண்டுவா. என் பழைய சாணைக்கல்லை எண்ணெய் போட்டு எடுத்து வைக்கிறேன். தீட்டித் தர மாட்டேன். நீ தீட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். கோணம் தவறினால் கல்லில் எழும் சத்தமே மாறும். அந்தச் சத்தத்தை உனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
பெரியப்பா