தலையணையை அமுக்குவது யார்?

எங்களுடையது ஓரறை வீடு. சென்ற ஐப்பசியில், அம்மாவின் சீர்வரிசையில் வந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் இரண்டையும் காற்று நீக்கும் பிளாஸ்டிக் பையில் வைத்தேன். "காலேஜ் படிக்கிற பிள்ளை, தெரிஞ்சுதான் செய்வான்" என்று அம்மா நம்பிக் கொடுத்தார். கைப் பம்பால் காற்றை எடுக்க எடுக்க அவை அப்பளமாயின.

பம்பா அமுக்கியது? இல்லை, வெளிக்காற்று. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடை. 80 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பையின் ஒரு பக்கத்தில் மட்டும் 4,800 கிலோ! உள்ளிருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளுவதால் இது நமக்குப் புலப்படுவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் மக்டபர்க் நகரத்து ஆட்டோ வான் கெரிக், காற்று நீக்கிப் பொருத்திய இரு அரைக்கோளங்களைக் குதிரைகளாலும் பிரிக்க இயலாமற் போனது இதனால்தான். கைப் பம்பு முழு வெற்றிடம் தருவதில்லை என்பது வேறு செய்தி. தலையணைக்கு அதுவே மிகை.

நான் மறந்தது ஈரத்தை. பம்பு காற்றை எடுக்கும். பஞ்சில் ஏறிய மழைக்கால ஈரம் உள்ளேயே தங்கும். தை மாதம் பிரித்தபோது பூஞ்சை வாடை. மேலும், இலவ இழை என்பது உள்ளே காற்றுள்ள நுண்குழல். நெடுநாள் நசுங்கினால் பழையபடி எழும்புவது கடினம்.

மூன்று நாள் வெயிலில் வாடை போயிற்று. ஒரு தலையணை மட்டும் எழவேயில்லை. அதை அம்மா தமக்கு வைத்துக்கொண்டு, நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டார்.