சுவாசக் கருவியிலிருந்து சொந்த மூச்சுக்கு

உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாள்களும் மனிதன் உயிர் தரித்திருக்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் இருக்க இயலாது. ஆகவேதான் மூச்சு தடைப்பட்ட நோயாளியை மருத்துவர்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைக்கின்றனர். தாப்பா வட்டாரத் தோட்டங்களிலிருந்து இத்தகைய நோயாளிகள் முதலில் தாப்பா மருத்துவமனைக்கும், தேவையெனில் தெலுக் இந்தான் மருத்துவமனைக்கோ, ஈப்போவிலுள்ள ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கோ கொண்டு செல்லப்படுகின்றனர்.

கருவியைக் கண்டதும் குடும்பத்தார் கலங்குவது இயல்பே. “மெஷினில் போட்டுவிட்டார்கள், இனிப் பிழைப்பது அரிது” என்பர் சிலர். பின்னர் மருத்துவர் கருவியை எடுக்க முயலும்போது, “கைவிட்டுவிட்டார்களோ” என அஞ்சுவர் வேறு சிலர். இவ்விரு அச்சங்களையும் போக்க, கருவி என்ன செய்கிறது, அதிலிருந்து நோயாளியை எவ்வாறு விடுவிக்கின்றனர் என்பதை அறிவது நலம்.

ரப்பர் பையில் தொடங்கிய வரலாறு

1952ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் மாண்டனர். நகரில் இருந்த இயந்திரங்களோ மிகச் சில. பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது. அந்தக் கைகளின் வேலையைத்தான் இன்றைய இயந்திரம் செய்கிறது.

கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை. நோய் தணியும்வரை மூச்சைத் தாங்கி நிற்கிறது. முறிந்த காலுக்கு ஊன்றுகோல் போன்றது அது. ஊன்றுகோலை என்றும் பற்றியிருப்பது எவ்வாறு காலுக்கு நன்றன்றோ, அவ்வாறே கருவியும்.

தோட்டப்புறத்தில் யாருக்குத் தேவைப்படுகிறது?

கடும் நிமோனியா, ஆஸ்த்மா, சாலை விபத்தில் தலைக்காயம், பூச்சிமருந்து நஞ்சு எனக் காரணங்கள் பல. 1998–1999இல் ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய நிப்பா நோயில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். நினைவிழந்த பலருக்குச் சுவாசக் கருவியின் துணை தேவைப்பட்டது. கோவிட் காலத்தில் இக்கருவியின் பெயர் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று.

அதிகாலை இருளில் மரம் வெட்டச் செல்வோர் சிறப்பாக அறிய வேண்டியது பாம்புக் கடியைப் பற்றியது. கட்டுவிரியன், ராஜநாகம் ஆகியவற்றின் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. முதலில் இமைகள் சரியும், பேச்சு குழறும், விழுங்க இயலாது, பின்னர் மூச்சுத் தசைகள் ஓயும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு நுனிகளையே பழுதாக்குவதால், மாற்று மருந்து கொடுத்த பின்னும் அவை மீளப் பல நாள்கள் ஆகலாம். அந்நாள்களைக் கடக்க உதவுவது சுவாசக் கருவியே. அப்போது நோயாளி கண் திறவாமல், கை அசையாமல் கிடப்பினும் அவர் சுற்றி நடப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். “உயிர் போய்விட்டது” என அருகில் நின்று புலம்புதல் தகாது.

ஏன் விரைவில் எடுக்க வேண்டும்?

நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் என்ற தசை உள்ளது. நாம் உறங்கும்போதும் அது உழைக்கிறது. இயந்திரம் அதன் வேலையை முழுவதும் ஏற்றுக்கொண்டால், சில நாள்களிலேயே அத்தசை மெலியத் தொடங்குகிறது. மேலும் தொண்டைக் குழாய் வழியே கிருமிகள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். ஆனால் அவசரப்பட்டு எடுப்பதும் ஆபத்தே. மீண்டும் குழாய் இட நேர்ந்தால் நோயாளி மேலும் தளர்வார். காலம் அறிந்து எடுப்பதில்தான் மருத்துவரின் திறன் உள்ளது.

பால் மறக்கடிப்பது போல

தாய் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைப் போன்றது இம்முறை. ஒவ்வொரு நாளும் மருத்துவர் சில வினாக்களுக்கு விடை தேடுவார். மூல நோய் தணிந்துள்ளதா? இரத்த அழுத்தம் நிலையாக உள்ளதா? குறைந்த அளவு பிராணவாயுவே போதுமானதாக உள்ளதா? நோயாளி விழித்துச் சொன்னதைச் செய்கிறாரா? சளியை இருமி வெளியேற்றும் வலு உள்ளதா?

விடைகள் சாதகமாயின், தூக்க மருந்தைக் குறைத்து நோயாளியை விழிக்கச் செய்வர். பின் கருவியின் துணையை மிகக் குறைத்தோ நீக்கியோ, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை சொந்தமாக மூச்சுவிடச் செய்து கண்காணிப்பர். இதுவே மூச்சுச் சோதனை. மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் போனால் தசை தளர்கிறது என்பது பொருள். நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் செல்லும் காற்றின் லிட்டர் அளவால் வகுத்துப் பார்ப்பர். நலமுள்ளவர் நிமிடத்திற்கு 15 முறை, அரை லிட்டர் வீதம் மூச்சுவிட்டால் விடை 30. அது 105ஐத் தாண்டினால் காலம் கனியவில்லை எனக் கருதுவர்.

1995இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், 546 நோயாளிகளுள் 416 பேர் முதற் சோதனையிலேயே தேறிக் குழாயினின்று விடுபட்டனர். தேறாத 130 பேருக்கு வெவ்வேறு முறைகள் கையாளப்பட்டன. கட்டாய மூச்சுகளின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்கும் பழைய முறையைவிட, நாள்தோறும் ஒருமுறை சோதித்துப் பார்க்கும் முறை ஏறத்தாழ 3 மடங்கு விரைவில் விடுதலை தந்தது. ஆகவே இன்று தேறாதவர் நாளை தேறலாம். இடையில் தசைக்கு ஓய்வு கொடுப்பர். நெடுநாள் ஆவோருக்குக் கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாய் வைப்பதுண்டு. அது தோல்வியின் அடையாளமன்று. தேவை தீர்ந்து குழாயை எடுத்தபின் அத்துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. நோயாளியின் பழைய நோய்கள், உட்கொண்ட மருந்துகள், புகை, மதுப் பழக்கங்கள் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

2. அருகில் சென்று பெயர் சொல்லி அழைத்து, நாள், நேரம், வீட்டுச் செய்தி ஆகியவற்றை அமைதியாகச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி இருப்பின் கொண்டு கொடுங்கள்.

3. குழாய் எடுத்தவுடன் தாகம் என்றாலும் நீர் புகட்டாதீர்கள். விழுங்கும் ஆற்றல் திரும்பாவிடில் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். தாதியரிடம் கேட்ட பின்னரே கொடுக்க வேண்டும்.

4. குரல் கம்மியிருந்தால் அஞ்சாதீர்கள். பெரும்பாலும் சில நாள்களில் தெளியும்.

5. “கருவியை எடுக்கிறோம்” என மருத்துவர் கூறினால், சொந்த மூச்சுக்குப் பழக்குவதற்கா, அல்லது பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதற்கா எனத் தயங்காமல் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. மொழி புரியவில்லையெனில் தமிழ் அறிந்த ஊழியர் ஒருவரின் உதவியை நாடுங்கள்.

பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறாமல், உறிஞ்சாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 999 எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மந்திரிப்பவரைத் தேடிப் போகும் ஒரு மணி நேரம், மூச்சு நின்றுபோகும் நேரமாகிவிடலாம்.

கருவி தாங்குவது சில நாள்களுக்கே. அதன்பின் மூச்சுவிட வேண்டியவர் நோயாளியே. அவருக்குத் துணை நிற்பது மருத்துவர், தாதியர், குடும்பத்தார் ஆகிய அனைவரின் கடமையாகும்.