மூன்று பாவைகள் சொன்ன பாடம்

முன்னுரை

சென்ற தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, நம் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு கணக்கியல் பயிலும் தம்பி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சிறிய அறைதான் என் பட்டறை. கீழே பண்டிகைக் கூட்டமும் ஒலிபெருக்கிப் பாட்டுமாக இருந்தது. மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த தம்பி, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா?"

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். அவருக்கு மட்டுமன்றி, இதே கேள்வியை மனத்துக்குள் வைத்திருக்கும் மற்ற மாணவர்களுக்கும் இது பயன்படலாம்.

நான் கலைக்கல்லூரியில் பயின்றவன் அல்லன். சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவனும் அல்லன். சிற்பமும் பொம்மலாட்டமும் நானாகக் கற்றுக்கொண்டவை. பகலில் கீழேயுள்ள கடையில் கணக்கு எழுதுகிறேன். மாலையானதும் மாடிப்படி ஏறுகிறேன். இப்படி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த ஆண்டுகளில் எனக்கு வழிகாட்டியவை திருக்குறளில் பாவை இடம்பெறும் மூன்று குறட்பாக்கள். அவை 407, 1020, 1058. வியப்பு என்னவென்றால், மூன்று இடத்திலும் வள்ளுவர் பாவையைப் புகழவில்லை. குறை காட்டும் உவமையாகவே அதைக் கையாள்கிறார். பொம்மை செய்பவனுக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

மண்பாவை: அழகு மட்டும் போதாது

407ஆம் குறள் 'கல்லாமை' அதிகாரத்தில் வருகிறது. நுட்பமான அறிவு இல்லாதவனுடைய அழகு, மண்ணால் சிறப்பாகச் செய்யப்பட்ட பாவையின் அழகைப் போன்றது என்பது அதன் கருத்து.

என் முதல் பள்ளிக்கூடம் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயத்தின் கோபுரம். சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்கும்வரை அதன் சுதைச் சிற்பங்களை எண்ணுவேன். பின்னர் வேறோர் ஊரில் ஒரு கோயில் திருப்பணியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சிற்பி ஒருவர் சாரத்தில் நின்று ஒரு முகத்துக்கு மூக்கு வைப்பார். உடனே கீழே இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்ப்பார். மீண்டும் ஏறித் திருத்துவார். ஒரு மூக்குக்காக நான்கு முறை ஏறி இறங்கினார். சிலையைச் செய்பவன் நிற்கும் இடம் வேறு, பார்ப்பவன் நிற்கும் இடம் வேறு என்பதை அவர் ஒரு சொல்கூடப் பேசாமல் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் நான் அந்தப் பாடத்தை உடனே மறந்தேன். மாணவனாக இருந்தபோது நம் கலை இரவுக்காக ஓர் ஔவையார் பொம்மை செய்தேன். உண்மையான மனித உடலைப் போல, உயரத்தில் ஏழரையில் ஒரு பங்காகத் தலையை அமைத்தேன். களிமண்ணிலேயே செதுக்கிக் காயவைத்து வண்ணம் பூசினேன். கையில் வைத்துப் பார்த்தால் மிக அழகு. மேடையில் ஏறியதும், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு முகமே தெரியவில்லை. பாதிக் காட்சியில் கழுத்துக் கம்பி பாரம் தாங்காமல் வளைந்து, ஔவையாரின் தலை கழன்று உருண்டது. அரங்கம் முழுவதும் சிரித்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் மண்ணைத் தொடவில்லை.

அழகு இருந்தது, நுண்ணறிவு இல்லை. குறள் சொன்ன மண்பாவை நானேதான்!

மீண்டும் தொடங்கியபோது அளவிலிருந்து தொடங்கினேன். நம் சிற்ப மரபில் முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலம் 12 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று, சிலையின் அளவுக்கேற்ப மாறும் அலகு. நவதாலச் சிலைக்கு ஒன்பது முக நீளம், அதாவது 108 அங்குலம். பிள்ளையாருக்கோ ஐந்து தாலம் சொல்லப்படுகிறது. அதனால்தான் அவர் குழந்தைபோலத் தெரிகிறார். பொம்மைக்கும் இந்தச் சிறிய தால அளவே பொருந்தும் என்று கண்டுகொண்டேன். இப்போது என் பொம்மைகளின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தலை. கடைசி வரிசைக் குழந்தைக்கும் கண் தெரிகிறது.

அடுத்தது பாரம். இப்போது களிமண்ணில் செய்வது அச்சு மட்டுமே. அதன்மேல் எண்ணெய் தடவி, கிழித்த நாளிதழ்த் துண்டுகளை மரவள்ளி மாவுப் பசையில் தோய்த்து ஏழெட்டு அடுக்கு ஒட்டுகிறேன். காய்ந்ததும் காதோரமாக இரண்டாக அறுத்து, மண்ணை எடுத்துவிட்டு, பாதிகளைச் சேர்த்து ஒட்டினால் உள்ளீடற்ற தலை கிடைக்கும். பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பசையில் சில துளி கிராம்புத் தைலம் சேர்ப்பேன். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய தாள்கள்தாம் என் முதல் பொம்மைகளின் மண்டைக்குள் இருக்கின்றன. அவற்றை உடைக்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை.

மரப்பாவை: அசைவு மட்டும் போதாது

1020ஆம் குறள் 'நாணுடைமை' அதிகாரத்தின் கடைசிக் குறள். உள்ளத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல மயக்குவதை ஒக்கும் என்கிறார் வள்ளுவர். 'நாண்' என்ற சொல்லுக்கு நாணம் என்றும் கயிறு என்றும் பொருள் உண்டு. பொம்மலாட்டக்காரனுக்கு இந்த இரண்டு நாணும் வேண்டும்.

முதலில் கயிறு. பொம்மை கையையும் காலையும் ஆட்டிக்கொண்டே இருந்தால் உயிர் வந்துவிடாது. மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பார்வை: பொம்மை பேசுமுன் பேசப்படுபவரைப் பார்க்க வேண்டும். இரண்டு, மூச்சு: சும்மா நிற்கும்போதும் மார்பு சிறிதே ஏறி இறங்க வேண்டும். மூன்று, எடை: பாதம் தரையில் பட வேண்டும், மிதந்தால் மயக்கம் கலைந்துவிடும். தமிழ்நாட்டின் மரபுவழிப் பொம்மலாட்டத்தில் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, ஆட்டுபவர் அதைத் தலையில் முடிபோல அணிந்துகொள்கிறார். பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கலாம். ஆட்டுபவரின் தலை அசைந்தால் பொம்மையும் அசையும். அவரே ஆடாமல் பொம்மை ஆடாது.

அடுத்தது நாணம். ஒரு காலத்தில் என் நிகழ்ச்சி அறிவிப்புகளில் 'குருவின்றிக் கற்ற கலைஞர்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்வேன். அது உண்மையன்று. சாரத்தில் ஏறி இறங்கிய சிற்பி என் குரு அல்லவா? சீனக் கோயில் திருவிழாக்களில் 'போத்தேஹி' என்னும் கையுறைப் பொம்மலாட்டத்தைப் பார்க்க, மேடைக்குப் பின்பக்கமாகப் போய் நிற்பேன். ஒருநாள் முதியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பொம்மையைக் கையில் மாட்டிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஹொக்கியன் தெரியாது. அரைகுறை மலாயில் பேசிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். பொம்மை தலை குனிந்தது, உயிரோடு குனிந்தது! அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த நாணம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதே பினாங்கில் ஓம்பாக் போத்தேஹி என்ற இளைஞர் குழு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தான் சூய் பெங்கின் வழிகாட்டலில், பெங் கியோக் ஹோங் குழுவின் மூத்த கலைஞர்களிடம் இக்கலையைப் பயின்று மேடையேறி வருகிறது. பரம்பரையில் பிறவாதவரும் பணிந்து கேட்டால் பரம்பரைக்குள் நுழையலாம் என்பதற்கு இது சான்று. கேரளத்தில் பாலக்காட்டுப் பகுதிப் பத்திரகாளி கோயில்களில் நடைபெறும் தோல்பாவைக்கூத்துக்கு இன்றும் கம்பராமாயணமே அடிப்படை. மலையாள மண்ணில் கம்பன் நிழலாக வாழ்கிறான் என்றால், தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவரும் புலவர்களே காரணம். அவர்களுள் ஒருவரான இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நானாகக் கற்பவன் இத்தகைய மரபுகளுக்குக் கடன்பட்டவன். கடனை ஒப்புக்கொள்வதே அவனுக்குரிய நாணம்.

வந்துபோகும் பாவை: கேட்பவர் வேண்டும்

1058ஆம் குறள் 'இரவு' அதிகாரத்தில் உள்ளது. இரப்பவர் இல்லையென்றால் இவ்வுலகத்தாரின் இயக்கம் மரப்பாவை போய்வருவது போலாகிவிடும் என்பது அதன் பொருள். கேட்பவர் இருப்பதால்தான் கொடுப்பவரின் வாழ்வுக்குப் பொருள் உண்டாகிறது.

கலையால் சோறு கிடைக்குமா என்று என் அப்பா கேட்டார். என்னிடம் வெளிப்படையான கணக்கு இருக்கிறது. முதல் நிகழ்ச்சிக்கு எனக்குக் கிடைத்தது 80 ரிங்கிட். பொருள் செலவே 110 ரிங்கிட். இன்று தமிழ்ப்பள்ளிப் பயிலரங்குகள், நவராத்திரிக் கொலு பொம்மைகளைப் பழுதுபார்த்தல், சில மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றால் அறை வாடகையும் பொருள் செலவும் போகக் கொஞ்சம் மிஞ்சுகிறது. வீட்டுச் செலவைக் கடைச் சம்பளம்தான் தாங்குகிறது. இதில் எனக்கு வெட்கமில்லை.

சண்டிகரின் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்த் சிற்பம் பயின்றவர் அல்லர். சாலைப் பணி மேற்பார்வையாளர். 1957 முதல் ஏறத்தாழ 18 ஆண்டுகள், வேலை நேரம் போக, உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் கொண்டு காட்டுக்குள் இரகசியமாகச் சிலைகள் செய்தார். 1976இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1990இல் இடிப்பு இயந்திரங்கள் வந்தபோது பொதுமக்களே திரண்டு தடுத்து நின்றார்கள். வேலையை விடாமல் அவர் செய்ததை, மக்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள்.

மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அமெரிக்கரான ஜிம் ஹென்சன். 1955இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவராக இருக்கும்போதே தொலைக்காட்சியில் பொம்மை நிகழ்ச்சி நடத்தினார். அம்மாவின் பழைய மேலங்கியையும் இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்தையும் கொண்டு அவர் செய்த பொம்மைதான் உலகப் புகழ்பெற்ற கெர்மிட். படிப்பை அவர் கைவிடவில்லை. 1960இல் பட்டம் பெற்றார்.

என்னை இத்தனை ஆண்டுகள் நிறுத்திவைத்தது கைதட்டல் அன்று. ஒரு தமிழ்ப்பள்ளியில் நிகழ்ச்சி முடிந்ததும், வகுப்பில் வாயே திறக்காதவள் என்று ஆசிரியர் சொன்ன சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "பாட்டிக்கு நான் பேசட்டுமா?" என்று கேட்டாள். பொம்மையைக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் தமிழில் பேசினாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால், அந்த ஔவையார் வெறுமனே போய்வரும் மரப்பாவைதான்.

முடிவுரை

தம்பிக்கு என் பதில் இதுதான். படிப்பை விடுவதா வேண்டாமா என்பதை நான் முடிவுசெய்ய முடியாது. ஆனால் அது முதல் கேள்வி அன்று. செய்த பொருளைப் பார்ப்பவரின் இடத்தில் நின்று பார்க்கிறாயா? யாரிடம் கற்றாய் என்று பெயர் சொல்லத் தயாரா? உன் கலையைக் கேட்டு வருபவர் எவரேனும் இருக்கிறாரா? இம்மூன்றுக்கும் விடை தெரிய, பட்டம் குறுக்கே நிற்காது; வாரத்தில் ஒரு மாலை நேரம் போதும்.

சென்ற மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மாலை, ஒரு பை நிறையப் பழைய நாளிதழ்களோடு மாடிப்படி ஏறி வந்தார். அவர் செய்த முதல் தலை கோணலாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, மாடிச் சன்னலில் நான் தூக்கிப் பிடித்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும் என்றேன். அவரே முதலில் தெருவுக்கு ஓடினார். நான்தான் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.