வண்டிச் சாப்பாடும் ஒரு பெர்மிட் காகிதமும்



நம்ம குழுக்கள்ல கடன் வாங்கி இட்லிக் கடை, பணியாரக் கடை போட்டவங்க நிறைய பேர் இருக்கீங்க. அதனால இந்த மாதப் பாடத்துக்கு ஒரு சாப்பாட்டு வண்டியையே எடுத்துக்கொள்வோம். வண்டி கொஞ்சம் தூரத்துல, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துல நிற்குது. அங்கே புரூக்ளின், குயின்ஸ் பகுதிகளில் கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் அதிகம். அவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை வேனிலும் வண்டியிலும் வைத்து தெருவோரம் விற்கிறார்கள்.

டிரினிடாட் தீவுக்காரர் வண்டிப் பலகையைப் படித்தால் நமக்கே ஆச்சரியமா இருக்கும். ரொட்டி, தால்பூரி, சன்னா, ஆலு! 1845 முதல் 1917 வரை, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இந்தியர்களுக்கு மேல் அந்தத் தீவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் வடநாட்டவர், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோன சமையல்தான் இது.

அதிகம் பேர் கேட்டு வாங்குவது 'டபுள்ஸ்'. மைதாவில் மஞ்சள்தூள் சேர்த்து, ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, எண்ணெயில் பொரித்த மெத்தென்ற இரண்டு 'பாரா'. அதற்கு நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, புளிச் சட்னி, வெள்ளரித் துருவல். "காரம் எவ்வளவு?" என்று கேட்டுத்தான் மிளகாய்ச் சாறு ஊற்றுவார்கள். காகிதத்தில் சுற்றித் தருவதை நின்னுக்கிட்டே சாப்பிடணும். கையெல்லாம் குழம்புதான்! ஜமைக்காக்காரர் வண்டி என்றால் காரமசாலா தடவிச் சுட்ட 'ஜெர்க்' கோழியும் ஆட்டுக்கறிக் குழம்பும் கிடைக்கும்.

ருசி இருக்கு, கூட்டமும் வருது. காசு எங்கே போகுது?

வண்டிக்கு நகர சுகாதாரத் துறையின் பெர்மிட் வேணும். வீட்டில் சமைத்து எடுத்து வரக்கூடாது. பெர்மிட் கட்டணம் இரண்டு வருஷத்துக்கு 200 டாலர்தான். ஆனால் 1983ல் நகர நிர்வாகம் பெர்மிட் எண்ணிக்கையை ஏறத்தாழ 3,000 என்று கட்டிப்போட்டது. புதுசா வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய பெர்மிட் வைத்திருந்தவர்கள் சட்டத்துக்கு விரோதமா வாடகைக்கு விட்டார்கள். இரண்டு வருஷ வாடகை 20,000 டாலருக்கு மேலேயும் போனது. இதுவும் ஒரு கந்துவட்டி மாதிரிதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கணக்குப் போடுவோம். இரண்டு வருஷத்தில் 500 நாள் வியாபாரம் என்று வையுங்கள். முறையான கட்டணம் ஒரு நாளைக்கு 40 காசு (டாலரில் நூறில் ஒரு பங்கு ஒரு காசு). வாடகைப் பெர்மிட் என்றால் ஒரு நாளைக்கு 40 டாலர்! ஒரு டபுள்ஸுக்கு ஒரு டாலர் லாபம் என்றாலும், முதல் 40 டபுள்ஸ் அந்தக் காகிதத்துக்கே சரியாப் போச்சு. மழை நாளிலும் இதே கணக்குதான்.

தனியா ஒருத்தர் போய்ப் பேசி இது மாறல. 2001ல் தொடங்கிய 'ஸ்ட்ரீட் வெண்டர் புராஜெக்ட்' என்ற அமைப்பில் தெரு வியாபாரிகள் உறுப்பினராகச் சேர்ந்து, வருஷக்கணக்கா நகர மன்றத்தில் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். 2021ல் சட்டம் வந்தது: பத்து வருஷத்துக்கு ஆண்டுதோறும் 445 புது உரிமம். உரிமம் பெற்றவர் வண்டியில் இருந்தாகணும். வாடகைக்கு விட முடியாது. சட்டம் வந்த பிறகும் உரிமம் கைக்கு வர ரொம்ப தாமதம், அதுக்கும் நடையாய் நடந்தார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு வேலை. கடை வைத்திருக்கிறவங்க இடத்து வாடகை, உரிமக் கட்டணம், வட்டி எல்லாத்தையும் நோட்டில் எழுதி, ஒரு நாள் செலவு பாருங்கள். அதை அடைக்க முதலில் எத்தனை இட்லி விற்கணும் என்று கணக்குப் போட்டு எடுத்து வாங்க.