புயலுக்கு முன் கட்ட வேண்டிய மூட்டை

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரம் கடற்கரையில் அமைந்ததல்ல. ஆதலால் புயல் என்பது மரக்காணத்தாருக்கும் கடலூராருக்கும் உரியது என்ற எண்ணம் விவசாயிகள் பலரிடம் இருந்து வந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. கரை கடந்த பின்னும் அது பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் இதே மாவட்டத்து மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் தேதி தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை மறித்தது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில்களும் நின்றன.

நெடுஞ்சாலைக்கே இந்த நிலை என்றால் ஏரிக்கரை வழியே செல்லும் கிராமப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உதவி வந்து சேரும் வரை, குறைந்தது மூன்று நாட்களுக்கு, குடும்பம் தன் கையிருப்பைக் கொண்டே சமாளிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசி மாதத்திலேயே இதற்கான ஏற்பாட்டைச் செய்து விடுதல் நலம்.

வீட்டு இருப்பு

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், குடிக்கவும் சமைக்கவும் மூன்று நாளைக்கு 60 லிட்டர் நீர் தேவை. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. மேல்நிலைத் தொட்டியும் நிரம்பாது. எனவே புயல் எச்சரிக்கை கேட்டவுடன் மூடியுள்ள பாத்திரங்களில் நீர் பிடித்து வைக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. அரிசி 6 கிலோவும், அத்துடன் பருப்பு, உப்பு, தீப்பெட்டி ஆகியவையும் இறுக மூடும் டப்பாக்களில் பரண் மேல் இருக்கட்டும். அடுப்பு மூட்ட இயலாத வேளைக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம் கை கொடுக்கும்.

கைப்பை

வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் எடுத்துச் செல்ல ஒரு பை தனியாக வேண்டும். டார்ச் லைட், மாற்று பாட்டரி, சிறிய ரேடியோ, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், காயத்துக்குக் கட்டும் துணி, பஞ்சு, மாற்றுடை, போர்வை, கயிறு, கத்தி ஆகியவை இதில் இருக்க வேண்டும். சில்லறை நோட்டுகளும் அவசியம். செல்போன் கோபுரம் நின்றால் போனில் பணம் செலுத்த இயலாது. வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும்.

விதையும் பத்திரமும்

அரிசியைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம். நனைந்த விதையை என்ன விலை கொடுத்தாலும் மீட்க இயலாது. மார்கழிப் பட்டத்து நிலக்கடலைக்கான விதை வீட்டில் இருக்கும் காலமும் புயல் காலமும் ஒன்றே. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ விதைப்பருப்பு தேவை. விதையை உடைக்காமல் காயாகவே நன்கு உலர்த்தி, பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி, வெள்ளம் எட்டாத உயரத்தில் ஏற்றி விட வேண்டும்.

பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டுக் கைப்பையில் வைக்க வேண்டும். பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் அரசின் நிவாரண உதவி கிட்டும். எனவே வெள்ளம் வடிவதற்குள் வயலைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் சேதத்தை அறிவிப்பது பாதுகாப்பானது.

கால்நடைகள்

கட்டுத்தறியிலேயே மூழ்கி மடியும் மாடுகள் பல. அவிழ்த்து விட்டிருந்தால் அவை நீந்தியேனும் கரை சேரும். எச்சரிக்கை கேட்டவுடன் கன்றுகளையும் ஆடுகளையும் முதலில் மேட்டுக்கு ஓட்ட வேண்டும். மரத்தடியிலோ மின்கம்பத்தின் அருகிலோ கட்டக் கூடாது. பெரிய மாடு ஒன்றுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோலாவது தேவை. மூன்று நாளைக்கான வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு மேடான இடத்தில் வைக்க வேண்டும். மாட்டின் காதுவில்லை எண்ணைக் குறித்து வைத்தல் அவசியம். கால்நடை இறக்க நேர்ந்தால் கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் புதைத்து விடக் கூடாது. அவரது சான்று இல்லாமல் நிவாரணம் பெறுவது கடினம்.

நில நடுக்கத்துக்கும் இதே பை

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நில நடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. புயலுக்கு முன்னறிவிப்பு உண்டு. நில நடுக்கத்துக்கு இல்லை. ஆகவே கைப்பை உள்ளறைப் பெட்டியில் அல்லாமல், வாசற்கதவின் அருகே எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும்.

மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, கால்நடை மருத்துவ உதவி 1962 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

தை பிறந்ததும் இருப்பிலுள்ள அரிசி, அவலைப் பயன்படுத்திக் கொண்டு, அடுத்த புரட்டாசியில் புதிதாக வைத்தால் எதுவும் வீணாகாது. இதற்கு ஆகும் செலவு சொற்பமே. ஒரு பட்டத்து விதையும் ஒரு கறவை மாடும் தப்பினால், குறு விவசாயி கடன் வாங்காமல் மறுபடி ஏர் பூட்ட முடியும்.